26 நிமிடத்தை 11 ஆக்கிய கதை: ஒரு ஜாம் கச்சேரிக் காணொளி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிங்கப்பூரில் பகலில் வேலை, ராத்திரியில் வாத்தியம் என்று இருக்கும் ஐந்து தமிழர்களின் இசைக்குழு இது. கிட்டார், பேஸ், கீபோர்டு, டிரம்ஸ், மிருதங்கம். மிருதங்கக்காரர் கோயில் திருவிழா வந்தால் உறுமியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஜாமிங் ஸ்டூடியோவில் வாரம் ஒருமுறை கூடுவார்கள். யார் பெயரையும் எழுதப் போவதில்லை, அரங்கின் பெயரும் வேண்டாம். நான் அவர்களுக்குக் காணொளி எடுத்துக் கொடுத்தவன். பிழைப்புக்கு ஒரு நிறுவனத்தில் ஊழியர் பயிற்சிக் காணொளிகளை எடிட் செய்கிறேன். இந்தக் கதையில் நடந்த தவறுகளில் பாதிக்கு மேல் அந்த வேலை எனக்குப் பழக்கிவிட்ட கைதான் காரணம், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜாம் குழு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: பாட்டு ஒரு வாசல் மாதிரி, உள்ளே போனபின் யார் எந்தப் பக்கம் இழுப்பார் என்று வாசிப்பவர்களுக்கே தெரியாது. நம் ஆட்களுக்கு இது புதிதில்லை. கச்சேரியில் மனோதர்மம் என்று சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான், என்ன, இங்கே ராகத்துக்கும் தாளத்துக்கும் அவ்வளவு கண்டிப்பு கிடையாது. 1965இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கிரேட்ஃபுல் டெட், 1983இல் வெர்மான்ட்டில் தொடங்கிய ஃபிஷ் ஆகிய இரண்டு குழுக்களும்தான் இந்த வழியைப் பெரிதாக்கியவை. 1999ஆம் ஆண்டின் கடைசி இரவு ஃபிஷ் ஃபுளோரிடாவில் நள்ளிரவு தொடங்கி விடியும்வரை ஏழு மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் வாசித்தது. இப்படிப்பட்ட இசையைக் கேட்க வருகிறவர்கள் பாட்டின் பெயரை நினைவில் வைப்பதில்லை, எந்த நிமிடத்தில் என்ன நடந்தது என்று நினைவில் வைப்பார்கள். இதைக் கச்சேரிக்கு முன்பே யோசித்திருக்க வேண்டியவன் நான்.

கச்சேரி நடந்த இரவு

சுமார் 180 பேர் உட்காரும் அரங்கு. டிக்கெட் 25 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஏறக்குறைய நிறைந்துவிட்டது. இரண்டு பகுதிகள், இடைவேளையைச் சேர்க்காமல் 2 மணி 10 நிமிடம்.

நான்கு கேமராக்கள். ஒன்று கிட்டார், பேஸ் பக்கம். ஒன்று மிருதங்கம், டிரம்ஸ் பக்கம். ஒன்று மேடை ஓரத்திலிருந்து ரசிகர்களைப் பார்த்து. கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு கைப்பேசி. முதல் இரண்டும் இரவல் வாங்கிய பழைய கேமராக்கள், 29 நிமிடம் 59 விநாடி ஆனதும் தானாக நின்றுவிடும் ரகம். அரை மணி நேரமும் அதற்கு மேலும் பதிவு செய்யும் கருவியை ஐரோப்பாவில் வீடியோ கேமரா என்று கணக்கிட்டுக் கூடுதல் சுங்கவரி போட்ட காலத்தில், அதற்குத் தப்பிக்கத் தயாரிப்பாளர்கள் வைத்த வரம்பு அது. எங்களுக்கு இது தெரியும். அதனால்தான் இரண்டு தொண்டூழியர்களை நிறுத்தி, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே நிறுத்தி மறுபடி போடுங்கள் என்று சொல்லி வைத்திருந்தோம். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இடைவெளியே விடாத ஒரு குழுவுக்கு இந்த யோசனை!

ஒலியை மிக்சரிலிருந்து (எல்லா மைக்கின் ஒலியும் வந்து கலக்கும் கருவி) வரும் இரண்டு தடப் பதிவாக மட்டும் எடுத்தோம். ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனித் தடமாக எடுக்க அந்த மிக்சரில் வசதி இருந்தது. அதற்கு ஒரு மடிக்கணினியும் அரை மணி நேரமும் வேண்டும். அரை மணி நேரம் இல்லை.

இரண்டாம் பகுதியில்தான் விஷயம். முதல் பாட்டு ஆறு நிமிடம், அது நிற்காமல் அப்படியே அடுத்ததற்குள் நுழைந்து, அந்த அடுத்தது 26 நிமிடம் போயிற்று. அதில் மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏழாவது நிமிடத்திலிருந்து பதினொன்றாவது நிமிடம்வரை ஐவரும் ஒருவரை ஒருவர் தொலைத்துவிட்டார்கள், கீபோர்டு ஒரு பக்கம், கிட்டார் ஒரு பக்கம். பதினெட்டாவது நிமிடத்தில் மிருதங்கம் நின்று, டிரம்ஸ் நின்று, பேஸ் மட்டும் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த அமைதியில் யாருடைய தண்ணீர் பாட்டிலோ மேல் வரிசையிலிருந்து படிப்படியாக உருண்டு வந்தது. டொக், டொக், கொஞ்சம் இடைவெளி, டொக். டிரம்ஸ்காரர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அதே இடைவெளியைக் குச்சியால் விளிம்பில் தட்டினார், மிருதங்கம் அதற்குப் பதில் சொன்னது, அரங்கே சிரித்தது, அந்தத் தட்டிலிருந்துதான் கடைசி எட்டு நிமிடமும் கிளம்பியது. மூன்றாவது இடம் இருபத்து நான்காவது நிமிடம், எல்லாம் உச்சத்துக்குப் போகும் நேரம். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆறும் இருபத்து நான்கும் முப்பது. ஒன்றாகத் தொடங்கிய இரண்டு கேமராக்களும் ஒன்றாக நின்றன. தொண்டூழியர்கள் இருவரும் மேடையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள் (அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை), சிவப்பு விளக்கு அணைந்ததைக் கவனித்து மறுபடி போடுவதற்குள் 1 நிமிடம் 40 விநாடி போய்விட்டது.

பாட்டில் உருண்டபோது நான் அரங்கில் இல்லை. வெளியே பையிலிருந்து பேட்டரி எடுக்கப் போயிருந்தேன்.

முதல் வெளியீடு: என்ன வெட்டினேன், ஏன் வெட்டினேன்

ஐந்து வாரம் கழித்து 52 நிமிடக் காணொளியாக வெளியிட்டோம். டிக்கெட் வாங்கியவர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்கு 8 வெள்ளி. ஏன் 52 என்றால், யாரும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள் என்று நான் சொன்னேன், குழுவும் தலையாட்டியது. வராதவர்களுக்கு இந்தக் குழு யார் என்று காட்டுவதுதான் நோக்கம் என்று எல்லாருமே நினைத்தோம்.

26 நிமிடத்தில் முதல் ஐந்தையும் கடைசி ஆறையும் வைத்துக்கொண்டு நடுவில் இருந்ததைத் தூக்கினேன். தொலைந்துபோன நான்கு நிமிடத்தை எடுத்துவிடும்படி கிட்டார்காரரே கேட்டார். பதினெட்டாவது நிமிடத்தைத் தூக்கியது என் முடிவு. காரணம் இதுதான்: என்னிடம் இருந்த மிக்சர் பதிவில் அந்த இடத்தைக் கேட்டால் பேஸ் ஒரு சுரத்தை இழுக்கிறது, பிறகு யாரோ குச்சியால் சம்பந்தமில்லாமல் தட்டுகிறார், தூரத்தில் கொஞ்சம் சிரிப்பு. அவ்வளவுதான். மேடையில் பாடுவதற்கு வைத்த மைக்குக்குத் தண்ணீர் பாட்டிலின் சத்தம் கேட்கவில்லை. எனக்கு அது ஏதோ தடுமாற்றமாகப் பட்டது.

அந்த 1 நிமிடம் 40 விநாடிக்கு என்னிடம் இருந்தது கடைசி வரிசைக் கைப்பேசிப் படமும் ரசிகர்களைப் பார்த்த கேமராவும்தான். கைப்பேசிப் படம் ஆடியது, இருட்டாக இருந்தது. ரசிகர் கேமராவில் அந்த நேரத்து முகங்கள் கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருந்தன. கொஞ்சம் முன்னால் போய்த் தேடினேன். பதினெட்டாவது நிமிடத்தில் ஒரு வரிசை முழுக்கப் பல் தெரியச் சிரிக்கும் முகங்கள் இருந்தன. எடுத்துக் கடைசியில் ஒட்டினேன். பயிற்சிக் காணொளியில் தினமும் செய்யும் வேலை, கை தானாகப் போகும். குழுவிடம் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்குப் பெரிய விஷயமென்று தோன்றவில்லை.

வந்த கருத்துகள்

முதல் இரண்டு நாள் நல்ல பேச்சுதான். என் அலுவலகத் தோழி ஒருத்தி, உட்லண்ட்ஸில் எம்ஆர்டி ரயில் ஏறி ராஃபிள்ஸ் பிளேஸ் வரும்வரை பார்த்ததாகவும் இறங்க மனமில்லை என்றும் செய்தி அனுப்பினாள். கச்சேரிக்கு வராதவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சொன்னார்கள், ஒரு சிலர் இதுவே நீளம் என்றார்கள்.

மூன்றாம் நாள் தொடங்கி, கச்சேரிக்கு வந்திருந்தவர்கள் பேசினார்கள். குரல் செய்தி, நேரில், லிட்டில் இந்தியாவின் தேக்காவில் சாப்பிடும்போது என்று முப்பது பேருக்கு மேல். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டே புகார்: "சவுண்டு சரியில்லை", "ரொம்ப வெட்டிட்டீங்க". சவுண்டு சரியில்லை என்றவர்களிடம் எது சரியில்லை என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். வயலினே இல்லாத குழுவில் வயலின் குறைவாக இருக்கிறது என்றவரும் உண்டு. கீபோர்டைச் சொல்கிறார் என்று பிறகு புரிந்தது.

இரண்டு பேர் சொன்னதை முழுதாக எழுத வேண்டும். ஒருத்தி பாலிடெக்னிக் மாணவி, இந்தக் குழுவின் எந்தக் கச்சேரியையும் விடாதவள். அவள் குரல் செய்தி பதினைந்து விநாடி: "அண்ணா, கடைசியில நான் சிரிக்கிற மாதிரி காட்டுறீங்க. நான் அப்ப சிரிக்கல, அழுதுகிட்டு இருந்தேன். நான் சிரிச்சது பாட்டிலுக்கு. பாட்டில் எங்கண்ணா?" எந்தப் பாட்டில் என்று கேட்டு நான் திருப்பி அனுப்பினேன் என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

இன்னொருவர் மிருதங்கக்காரரின் ஆசிரியர், எழுபதைத் தாண்டியவர். காணொளியை மகன் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "சபாவுல தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியத்தின் தனி வாசிப்பு) ஆரம்பிச்சா பாதிப் பேர் எழுந்து கேன்டீனுக்குப் போவாங்க தம்பி. நீங்க கேமராவையே அனுப்பிட்டீங்களே" என்றார். கோபமெல்லாம் இல்லை. அடுத்து, "அவன் வலது கை என்ன பண்ணுதுன்னு டிரம்ஸ்காரர் பார்க்கிறார் பாருங்க, அந்தப் பார்வையைத்தான் நான் பார்க்கணும்" என்றார்.

வேறொரு வகைப் புகாரும் ஒன்று வந்தது. ரசிகர் முகங்களில் தன் முகத்தை எடுத்துவிடச் சொல்லி ஒரு பெண்மணி கேட்டார். அன்று வேலைக்கு எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்திருந்தாராம். அன்றிரவே எடுத்துவிட்டேன்.

ஒலிநாடா அண்ணன்

கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணன் இருக்கிறார், கிரேட்ஃபுல் டெட் பைத்தியம். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் ஒரு அறை முழுக்க ஒலிநாடா. எங்கள் கச்சேரிக்குக் கையடக்கப் பதிவுக் கருவி கொண்டுவந்து மிக்சர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கம்பத்தில் மாட்டி வைத்திருந்தார், அது எனக்கு அன்று இடைஞ்சலாகத்தான் இருந்தது, கேமராவை மறைக்கிறது என்று ஒரு அடி தள்ளிவைக்கக்கூடச் சொன்னேன். மாணவியின் செய்தி வந்த வாரம் அவரே கோப்பிக்கடைக்கு வரச்சொல்லி, காதில் மாட்டும் கருவியை நீட்டினார். தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) ஆறிக்கொண்டிருந்தது. டொக், டொக், டொக் என்று கேட்டது.

பாட்டிலைக் கேட்டதும்தான் மற்றதெல்லாம் புரிந்தது. சின்ன அரங்கில் டிரம்ஸும் கிட்டார் ஆம்பும் நேரடியாகவே காதில் விழும், மிக்சர்காரர் அவற்றை ஏற்ற மாட்டார், குரலையும் கீபோர்டையும் மிருதங்கத்தையும்தான் ஏற்றுவார். ஆகவே மிக்சர் பதிவில் மிருதங்கம் காதுக்குள், டிரம்ஸ் பக்கத்து வீட்டில். வாத்தியங்கள் பேசிக்கொள்வது கேட்காது, அரங்கு கேட்கவே கேட்காது. ரசிகர்கள் "சவுண்டு" என்று சொன்னது இதைத்தான். நான் வெட்டியதும் இதனால்தான், ஏனென்றால் என் பதிவில் இல்லாத ஒன்றுக்குத்தான் அவர்கள் சிரித்தார்கள். இரண்டு புகாரும் ஒரே புகார் என்று அந்தக் கோப்பிக்கடை மேசையில்தான் தெரிந்தது.

ரசிகர் முகத்தைக் காட்டியதே தப்பா என்று அவரிடம் கேட்டேன். இல்லை என்றார். கிரேட்ஃபுல் டெட் 1974 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவின் விண்டர்லேண்ட் அரங்கில் ஐந்து இரவு வாசித்ததைப் படமெடுத்து 1977இல் திரைக்குக் கொண்டுவந்தார்கள், அதிலும் ரசிகர்கள் நிறைய வருகிறார்கள். "அவங்க ரசிகர்களைக் காட்டணும்னு காட்டினாங்க. நீ ஓட்டையை அடைக்கக் காட்டியிருக்கே" என்றார். அதே அரங்கு 1978 டிசம்பர் 31 அன்று மூடப்பட்டபோது நடந்த கச்சேரி தொலைக்காட்சியில் நேரலையாகப் போய், 2003இல்தான் டிவிடியாக வந்தது. அந்த இரவு ரசிகர்கள் ஒரு பதாகை பிடித்திருந்தார்களாம்: ஒரு குறிப்பிட்ட பாட்டை அந்த ஊரில் கடைசியாக வாசித்து 1535 நாள் ஆகிறது என்று. அதை அங்கே கடைசியாக வாசித்த 1974 அக்டோபர் 18லிருந்து கணக்குப் போட்டால் சரியாக வருகிறது, நான் போட்டுப் பார்த்தேன். நாளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு 15 நிமிடம் காணாமல் போனால் தெரியாதா என்று அவர் கேட்கவில்லை. கேட்காமலே புரிந்தது.

குழுவோடு பேசி எடுத்த முடிவு

ஸ்டூடியோவில் கூடினோம். மூன்று வழி: அப்படியே விடுவது, 2 மணி 10 நிமிடத்தையும் வெட்டாமல் போடுவது, மறுபடி எடிட் செய்வது. பேஸ்காரரும் மிருதங்கக்காரரும் எல்லாவற்றையும் போடலாம் என்றார்கள். கிட்டார்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நான்கு நிமிடத்தில் தான் திருதிருவென்று முழிப்பதை ஊரே பார்க்க வேண்டுமா என்றார், நியாயமான கேள்வி. கச்சேரியில் தடுமாறினால் அது அந்த இரவோடு போய்விடும், காணொளியில் தடுமாறினால் போகாது. ஒன்றரை மணி நேரம் வாக்குவாதம், நடுவே ஸ்டூடியோ நேரம் முடிந்து புளோக்கின் கீழே வந்து நின்று பேசினோம்.

கடைசியில் டிரம்ஸ்காரர் சொன்ன ஒன்று கிட்டார்காரரை அசைத்தது. அந்த நான்கு நிமிடத்தில் யாருக்கும் வழி தெரியாததால்தான் எல்லாரும் வாசிப்பதைக் குறைத்தார்கள், குறைத்துக் குறைத்துத்தான் பதினெட்டாவது நிமிட அமைதி வந்தது, அந்த அமைதி இல்லாவிட்டால் பாட்டிலின் சத்தம் கேட்டிருக்காது. சரி, போடுங்கள் என்றார் கிட்டார்காரர், ஆனால் என்னைப் பார்க்கச் சொல்லாதீர்கள்.

முடிவு: இரண்டாம் பகுதி முழுதாக, முதல் பகுதியிலிருந்து மூன்று பாட்டு மட்டும். மொத்தம் 1 மணி 30 நிமிடம். கேமரா நின்ற இடத்தில் ஆடும் கைப்பேசிப் படத்தையே போட்டு, "இங்கே இரண்டு கேமராக்கள் நின்றுவிட்டன" என்று ஒரு வரி. பழைய 52 நிமிடத்தை எடுத்துவிடாமல், ஒட்டிய சிரிப்பை மட்டும் நீக்கி, வராதவர்களுக்கான பதிப்பு என்று தனியாக வைத்தோம்.

ஒலிதான் நாள் பிடித்தது. மிக்சர் பதிவையும் அண்ணனின் பதிவையும் சேர்க்க வேண்டும். அவர் கருவி மேடையிலிருந்து சுமார் 12 மீட்டர். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும் என்பதால் அவர் பதிவு ஒரு விநாடியில் முப்பதில் ஒரு பங்கு அளவு பின்தங்கும், அப்படியே சேர்த்தால் ஒவ்வொரு மிருதங்க அடியும் இரட்டையாகக் கேட்கும். முதல் அடியில் பொருத்தினால் போதாது. இரண்டு கருவியின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை, ஒரு மணி நேரம் போனபின் மறுபடி விலகியிருந்தது. ஒன்றைத் துளி இழுத்துத்தான் சரிசெய்தேன். வீட்டில் எல்லாரும் தூங்கியபின் காதில் மாட்டிக்கொண்டு பதினோரு ராத்திரி.

அப்புறம் நடந்தது

இரண்டாம் பதிப்போடு என்ன தவறு செய்தோம் என்று ஒரு பத்தி எழுதி டிக்கெட் வாங்கிய எல்லாருக்கும் அனுப்பினோம். 8 வெள்ளி கொடுத்து வாங்கியவர்களில் மூன்று பேர் அதைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்தோம். ஆசிரியர் கூப்பிட்டு, கை தெரிகிறது என்றார், டிரம்ஸ்காரர் பார்ப்பதும் தெரிகிறது என்றார். மாணவி ஒரு தண்ணீர் பாட்டில் படத்தை மட்டும் அனுப்பினாள்.

எல்லாரும் மகிழ்ந்துவிடவில்லை. அரங்கு ஒலி கலந்ததால் எதிரொலி அதிகம், முதல் பதிப்பே தெளிவு என்று ஐந்தாறு பேர் சொன்னார்கள், காதில் மாட்டிக் கேட்டால் அவர்கள் சொல்வது உண்மை. தொலைந்த நான்கு நிமிடம் அலுப்புதான் என்றார்கள் சிலர், அதுவும் உண்மை. அலுவலகத் தோழி இரண்டாம் பதிப்பைத் திறக்கவே இல்லை. கிட்டார்காரர் இன்றுவரை பார்க்கவில்லை.

அடுத்த கச்சேரிக்கு மாறுவது

இரண்டு கேமராக்களையும் ஒரே நேரத்தில் தொடங்க மாட்டோம், பத்து நிமிட இடைவெளி விடுவோம், நின்றாலும் ஒன்றுதான் நிற்கும். மிக்சரிலிருந்து தனித்தனித் தடமாக எடுப்போம், அதற்கான அரை மணி நேரத்தை ஒலிச் சோதனைக்கு முன்பே கேட்டு வாங்கியாயிற்று. படமெடுக்கிறோம், முகம் வரலாம் என்று வாசலில் ஓர் அட்டை, எம்சி எடுத்தவர்கள் பின் வரிசைக்குப் போகலாம். எடிட் செய்யும்போது, அன்று அரங்கில் இருந்த ஒரு ரசிகர் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். மாணவி ஒப்புக்கொண்டிருக்கிறாள், தேர்வு முடிந்தபின் என்ற நிபந்தனையோடு.

கிரேட்ஃபுல் டெட் 1984 அக்டோபரில் மிக்சர் மேசைக்குப் பின்னால் ஒலிப்பதிவு செய்யும் ரசிகர்களுக்கென்று தனி இடம் ஒதுக்கியது. எங்கள் அரங்கில் அவ்வளவு இடமில்லை. தரையில் ஒட்டுநாடா ஒட்டி இரண்டு நாற்காலிக்கு இடம் பிடித்திருக்கிறோம், ஒன்று அண்ணனுக்கு, ஒன்று அவர் கம்பத்துக்கு.